பதினேழு படி

2024 ஜூலை 17 அன்று டாக்டர் எம். எஸ். வலியத்தான் மணிப்பாலில் காலமானார். தொண்ணூறு வயது. மறுநாள் காலை பேப்பரில் அவர் படத்தைப் பார்த்ததும் ஸ்டாஃப் ரூமை விட்டு வராந்தாவுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. "விளக்கு ஏத்தி வச்சிருக்கேன்" என்றாள். அவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவரும் அவருடன் இருந்தவர்களும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாக்கிய வால்வு ஒன்று 1992 முதல் அவள் நெஞ்சுக்குள் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை.

அன்று அந்தப் போனில் அவள் சொன்ன ஒரு விஷயத்தால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் நான் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். முப்பத்திரண்டு வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அது.

ஒன்பது வயதில் நான் வீட்டுக்கு வெளியே பேசமாட்டேன். அம்மாவிடமும் ஆச்சியிடமும் வாய் ஓயாமல் பேசுவேன். வாசற்படி தாண்டினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். கடைக்கு அனுப்பினால் கடைக்காரர் என்னைப் பார்க்கும் வரை ஓரமாக நிற்பேன்; அவர் பார்த்து "என்ன வேணும் மக்ளே" என்று கேட்டுவிட்டால் திரும்பி ஓடி வந்துவிடுவேன். பள்ளியில் பேர் கூப்பிடும்போது "உள்ளேன் மிஸ்" என்ற இரண்டு வார்த்தை வராது. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு ஆப்சென்ட் விழும். ஒரு பருவத்தில் அப்படிப் பதினொரு நாள் விழுந்து, அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். சொந்தக்காரர்கள் இதையெல்லாம் ஒரு குணமாகத்தான் பேசினார்கள். "அது வாயில வெரல வச்சாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை" என்பார்கள். நானும் அதை நம்பினேன். பேசாமல் இருப்பது நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்.

நாகர்கோவில் வடசேரியில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் வீட்டுக்காரர்கள். மாமா பஸ் கண்டக்டர், அத்தை வீட்டிலேயே துணி தைப்பவர். அவர்களின் ஒரே மகள்தான் அக்கா. அப்போது பதினாறு வயது, பிளஸ் ஒன். மாடிக்குப் போகிற படி வீட்டுக்கு வெளியே, எங்கள் திண்ணையை ஒட்டி ஏறும். சிமெண்டுப் படி, பதினேழு.

பள்ளி விட்டு வந்ததும் அக்கா நேராக மாடிக்குப் போகமாட்டாள். எங்கள் திண்ணையில் பையை வைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். தோள் ஏறி இறங்கும். நான் கதவுக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். பல நாள் இப்படிப் போனது. ஒரு நாள் அவள் திரும்பாமலேயே, "கதவுக்குப் பொறத்த நிக்கது ஆருட்டி? தண்ணி கொண்டா" என்றாள். கொண்டுபோய் வைத்துவிட்டு ஓடிவிட்டேன். மறுநாள் அவள் வருவதற்கு முன்பே செம்பு திண்ணையில் இருந்தது.

அவளுக்கு வந்திருந்தது வாதக் காய்ச்சல் விட்டுப்போன இதய நோய். எட்டு வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, சில வாரம் கழித்து ஒரு முழங்கால் வீங்கி, அது வடிந்ததும் கணுக்கால் வீங்கி, பிறகு முழங்கை என்று சுற்றியிருக்கிறது. வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று தைலம் தேய்த்திருக்கிறார்கள். தானாகவே சரியாகிவிட்டது. மூட்டில் வந்தது மூட்டோடு போய்விடும். ஆனால் தொண்டையில் தொற்றிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்த்துக் கிளம்புகிற உடம்பின் சொந்தப் படையே ஆள் தெரியாமல் இதயத்தின் வால்வையும் தாக்கிவிடுகிறது. அது வெளியே தெரிவதில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, மிட்ரல் வால்வு இறுகிச் சுருங்கியிருக்கிறது என்று. கோட்டாறு ஆயர் திருநாள் பூசையில் தலையில் வைக்கிற கூர்த்தொப்பிக்கு அந்தப் பெயராம். வால்வு அதே வடிவம். அதைச் சொல்லித் தந்ததும் அக்காதான், ஸ்லேட்டில் படம் போட்டு.

உப்பு குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு கிடையாது. நீர் பிரிய லாசிக்ஸ். இன்னொரு சின்ன வெள்ளை மாத்திரை டிஜாக்சின், வாரத்தில் ஐந்து நாள் மட்டும். சனியும் ஞாயிறும் அதற்கு லீவு. "எனக்க மாத்திரைக்கும் பள்ளிக்கூடம் மாதிரிதான்" என்பாள். இதோடு 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி. அந்த ஊசி கெட்ட வால்வைச் சரிபண்ணாது. தொண்டையில் கிருமி திரும்பவும் வந்து, திரும்பவும் காய்ச்சல் மூண்டு, இருக்கிற வால்வும் போய்விடாமல் காவல் நிற்பது. அது தவறக் கூடாது.

எங்கள் சிநேகிதம் எப்படி வளர்ந்தது என்று யோசித்தால், இரண்டு பேருக்குமே பேச முடியாமல் இருந்ததுதான் காரணம் என்று படுகிறது. அவளுக்கு மூச்சு போதாது, எனக்குத் தைரியம் போதாது. திண்ணையில் பல்லாங்குழிப் பலகையை நடுவில் வைத்துக்கொண்டு புளியங்கொட்டை போட்டு ஆடுவோம். அரைமணி நேரத்தில் ஐந்தாறு வார்த்தைதான் இருக்கும். மற்ற பெரியவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்ததும் "ஏன் பேசமாட்டேங்க?" என்றுதான் தொடங்குவார்கள். அவள் ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை. அவளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "இப்ப எப்படி இருக்கு?" என்பார்கள். நான் அதைக் கேட்கவில்லை. கேட்கத் தெரியாததால்தான் கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

ஒரு நாள் நானாகவே ஆப்சென்ட் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கொட்டையை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "நீ மூச்ச உள்ள இழுத்துப் பிடிச்சிட்டுப் பேசப் பாக்க. அப்ப வராது. மூச்சு வெளிய போவும்லா, அதுக்க மேல வார்த்தைய ஏத்தி விட்டுரணும். நான் அப்படித்தான் பேசுகேன், பாத்துக்க" என்றாள். பிறகு அவள் பேசுவதைக் கவனித்தேன். உண்மைதான். இழுக்கும்போது நிறுத்தி, விடும்போது இரண்டு மூன்று வார்த்தை வைத்துத்தான் பேசினாள். அவள் பிழைப்புக்குக் கண்டுபிடித்து வைத்திருந்ததை எனக்குக் கொடுத்தாள். நான்கு நாள் திண்ணையில் பழகினோம். அவள் என் பேரைக் கூப்பிடுவாள், நான் மூச்சை விட்டு "உள்ளேன் மிஸ்" என்பேன். ஐந்தாம் நாள் வகுப்பில் சொன்னேன். மிஸ் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

நான் பதிலுக்கு அவளுக்குச் செய்தது என்ன? படியை எண்ணினேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை. அவள் ஏறும்போது கதவிடுக்கில் நின்று, எந்தப் படியில் நிற்கிறாள் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஜூனில் ஒன்பதாவது படியில் ஒரே ஒருமுறை நின்றாள். ஓணம் லீவு சமயத்தில் ஏழில் ஒருமுறை, பதிமூன்றில் ஒருமுறை. தலைக்கு வைத்துப் படுக்கிற தலையணை ஒன்றிலிருந்து இரண்டாகி மூன்றானதும் அந்த மாதங்களில்தான். படுத்தால் மூச்சு முட்டும்.

ஊசிக்கு அவளுடன் துணைக்குப் போகிறவள் நான். அத்தைக்குத் தைத்து முடிக்க வேண்டிய துணி இருக்கும், மாமாவுக்கு டியூட்டி. மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவும் நானும் கிளினிக்குக்கு நடப்போம். கிளினிக் பெயர் இங்கே வேண்டாம். அந்தக் காலத்தில் பல கிளினிக்குகள் அப்படித்தான் இருந்தன. முதலில் கையில் கொஞ்சம் மருந்தைக் குத்தி, தடிக்கிறதா என்று பார்ப்பார் கம்பவுண்டர். பிறகு குப்பியில் இருக்கிற வெள்ளைப் பொடியில் தண்ணீர் ஏற்றிக் குலுக்குவார். பால் மாதிரித் திக்காக வரும். ஊசியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் நிறுத்தாமல் ஒரே வேகத்தில் ஏற்ற வேண்டும். இடுப்பில் போடுவது. இரண்டு நாள் அக்கா காலை இழுத்து இழுத்து நடப்பாள்.

ஊசி போடுகிற இடம் தனி அறை இல்லை. பெஞ்சில் ஆட்கள் காத்திருக்கிற கூடத்தின் ஒரு மூலை. குறுக்கே ஒரு திரை. அது பாதிக்கு மேல் வராது, கம்பியில் வளையம் சிக்கிக்கொள்ளும். நான் திரைக்கு இந்தப் பக்கம் நிற்பேன். அந்த உயரத்திலிருந்து எனக்குத் தெரிந்தது அவளுடைய பாதம் மட்டும்தான். கால்விரல் பத்தும் உள்ளே சுருட்டி, சிமெண்டுத் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். வலிக்குத்தான் அப்படி என்று நினைத்தேன்.

1991 அக்டோபர் 20ஆம் தேதிதான் அவள் கடைசியாக ஒழுங்காகப் போட்ட ஊசி. அடுத்த முறை, நவம்பரில் ஒரு ஞாயிறு, கிளினிக் திருப்பத்தில் திரும்பாமல் நேராக நடந்தாள். நாகராஜா கோயில் போய்ச் சேர்ந்தோம். பிராகாரத்தில் உட்கார்ந்து, ஊசிக்கு வைத்திருந்த பணத்தில் கடலை வாங்கித் தின்றோம். "அம்மாட்ட சொல்லப்பிடாது, கேட்டியா?" என்றாள். நான் சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் என்னை நம்பினாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். பதினாறு வயது அக்கா ஒருத்தியின் ரகசியம் என்னிடம் இருக்கிறது. என் ஊமைத்தனம் முதல்முறையாக ஒருத்திக்குத் தேவைப்படுகிறது.

நான்கு முறை அப்படிப் போனோம். அந்த மழைக்காலத்தில், டிசம்பர் தொடக்கத்தில் அவளுக்குத் தொண்டை கட்டியது. எல்லோருக்கும் கட்டியிருந்தது, எனக்கும்தான். எனக்கு ஆச்சி கொடுத்த சுக்குக் காப்பியில் போய்விட்டது. அவளுக்குக் கிறிஸ்துமஸ் லீவில் காய்ச்சல் வந்தது, முழங்கால் பந்து மாதிரி வீங்கியது. அது கொஞ்சம் தணிந்து, உடம்புக்கு முடியாமலேயே அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். படியில் ஐந்திலும் பதினொன்றிலும் நின்றாள்.

பொங்கல் கழிந்து திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போவதென்று முடிவானது. முந்தின நாள் சாயங்காலம் அத்தை மாடியிலிருந்து, "அந்த ஊசி அட்டைய எடுத்து வைட்டி, டாக்டரு கேப்பாரு" என்று குரல் கொடுத்தார். அக்கா அப்போது எங்கள் திண்ணையில் இருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. அட்டை அவள் பையில்தான் இருந்தது, அக்டோபர் 20க்குக் கீழே வெறுமையாக. தேதி ஒரு கட்டம், கையெழுத்து ஒரு கட்டம். அவள் எழுதினால் அத்தைக்குக் கையெழுத்து தெரிந்துவிடும். அட்டையையும் இரண்டு பேனாவையும் என் மடியில் வைத்தாள்.

நான் எழுதினேன். இருபத்தொன்று இருபத்தொன்றாகக் கூட்டி, 10.11.91, 31.11.91, 21.12.91, 11.1.92 என்று நான்கு தேதி. முதலும் மூன்றாவதும் நீலம், மற்ற இரண்டும் கறுப்பு. கம்பவுண்டரின் கையெழுத்து ஒரு சுழியும் வாலும்தான், அதையும் போட்டேன். நன்றாக வந்தது. அக்கா வாங்கிப் பார்க்காமலே மடித்துப் பையில் வைத்துவிட்டு ஏறிப் போனாள்.

நான் செய்தது இதுதான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று யாராவது சொல்லலாம். எனக்குத் தெரிந்திருந்தது. ஊசி தவறக் கூடாது என்று தெரியும். அவள் படியில் நிற்பது ஒன்பதிலிருந்து ஐந்துக்கு இறங்கியது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் விடிகாலை ரயிலில் அத்தை, அக்கா, துணைக்கு என் அம்மா, அம்மாவைப் பிரிந்து இருக்கமாட்டேன் என்பதால் நான். குழித்துறைப் பாலம் தாண்டும்போது அக்கா என் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஓ.பி.யில் உச்சி வரை காத்திருந்தோம். உள்ளே கூப்பிட்ட டாக்டர் மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லித் திரும்பவும் கேட்டார். பிறகு, "வீட்டுல ஸ்டெப் உண்டோ? நிக்காம கேறுமோ?" என்றார்.

"நிக்காம ஏறிருவேன்" என்றாள் அக்கா. அத்தையும் தலையாட்டினார். அத்தை மெஷினில் இருப்பவர், மகள் படியேறுவதைப் பார்த்தவர் அல்ல. அக்கா ஏன் பொய் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தாள். முழுப் பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

டாக்டர் எழுதத் தொடங்கினார். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் மூச்சை விட்டேன்.

"அஞ்சில ஒருதடவ நிப்பா. பதினொண்ணுல ஒருதடவ."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வெளியாள் முன்னால் நான் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "முன்ன?" என்றார். ஜூனில் ஒன்பது, ஓணத்துக்கு ஏழும் பதிமூன்றும், இப்போது ஐந்தும் பதினொன்றும் என்று சொன்னேன். அதை அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

பிறகு அட்டையைக் கேட்டார். அத்தை கொடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் மறைத்ததைப் போட்டு உடைத்துவிட்டு, நான் மறைக்க வேண்டியதை மறைத்துக்கொண்டேன். பேசத் தொடங்கிய அன்றைக்கே பாதி பேசக் கற்றுக்கொண்டேன். இத்தனை வருடம் உறுத்தியது அதுதான். டாக்டர் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எங்கள் மூன்று பேரையும் வெளியே இருக்கச் சொன்னார். அக்காவும் ஒரு சிஸ்டரும் உள்ளே இருந்தார்கள். பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஏதோ பரிசோதனை என்று நினைத்தோம்.

இரத்தப் பரிசோதனையில் காய்ச்சலின் வேகம் இன்னும் அடங்கவில்லை என்று வந்தது. அது அடங்காமல் நெஞ்சைத் திறக்கமாட்டார்கள். படுக்கையிலேயே இருக்க வேண்டும், பள்ளி வேண்டாம், படி ஏறி இறங்கக் கூடாது. அக்காவுக்கு ஒரு வருடப் படிப்பு போனது. மாடியில் அவள், கீழே நான். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இரண்டு தடவை மேலே போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு போகவில்லை. ஊசி போட மட்டும் வயதான ஒரு சிஸ்டர் வீட்டுக்கே வரத் தொடங்கினார். ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

ஜூன் கடைசியில் ஆபரேஷன். இங்கே வால்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவரை செயற்கை வால்வு என்றால் கடல் தாண்டி வர வேண்டும். அதன் விலை கண்டக்டர் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடியது அல்ல. வாதக் காய்ச்சலோ ஏழை வீட்டு நோய். நெருக்கமான வீடு, தொண்டை வலிக்கெல்லாம் டாக்டரிடம் போக முடியாத வீடு. அந்த வீடுகளுக்காகத்தான் வலியத்தானும் அங்கிருந்த பொறியாளர்களும் பத்து வருடத்துக்கும் மேல் உட்கார்ந்தார்கள். மூன்று வடிவங்கள் தேறவில்லை. நான்காவது தேறியது. ஓர் உலோக வளையம், அதற்குள் சாய்ந்து திறக்கிற ஒரு வட்டத் தட்டு. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதற்கு ஒன்றரை வருடம் கழித்து அக்காவுக்கு. மூன்று வடிவம் தோற்ற பிறகும் நான்காவதைச் செய்தவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. அக்கா விளக்கு ஏற்றியதும் அதற்காகத்தான் இருக்கும்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அம்பாசிடர் கார் வாசலில் வந்து நின்றது. நான் பழைய இடத்தில், கதவுக்குப் பின்னால். அக்கா மெலிந்து, ஆனால் உதடு சிவப்பாக இறங்கினாள். அவள் உதட்டின் நிறம் அதுதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "தூக்கிட்டுப் போறேன் மக்ளே" என்றார் மாமா. வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஏறத் தொடங்கினாள். சுவரில் ஒரு கை. மெதுவாக, ஒரே அளவாக. ஐந்து போனது. ஒன்பது போனது. பதினொன்று, பதிமூன்று. மேலே போய்த் திரும்பி நின்றாள். நேராக என் கதவிடுக்கைப் பார்த்தாள்.

"ஏட்டி, எண்ணினியா?"

"பதினேழு."

"எங்க நின்னேன்?"

"எங்கயும் நிக்கல!" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அன்று ராத்திரி அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். அந்தத் தட்டு ஒருவகைப் பிளாஸ்டிக். உலோகத் தட்டுப் போலக் கணீரென்று தட்டாது. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு வேறு வால்வு, உட்கார்ந்த இடத்தில் கடிகாரம் மாதிரிக் கேட்குமாம். இவளுடையதைக் காதை ஒட்டினால்தான் கேட்க முடியும். அடுத்த அறையில் யாரோ சின்ன மரப்பெட்டியைத் திறந்து மூடுவதுபோல ஒரு சத்தம். "உன்ன மாதிரித்தான், பேசாத வால்வு" என்றாள்.

அதற்குச் சில நாள் கழித்து, பல்லாங்குழிக்கு நடுவில் என் இடது கையைப் பிடித்து விரலை மடக்கச் சொன்னாள். "மாசம் எண்ணத் தெரியுமா? முட்டி வந்தா முப்பத்தொண்ணு, பள்ளம் வந்தா முப்பது. பெப்ரவரி மட்டும் வேற." ஜனவரியில் தொடங்கி ஒவ்வொரு முட்டியாகத் தொட்டுத் தொட்டு டிசம்பர் வரை போனாள். நவம்பரில் கொஞ்சம் நிறுத்தி அழுத்தினாள். கணக்குப் பாடம் என்று நினைத்துக் கற்றுக்கொண்டேன்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்லலாம். அவள் பிளஸ் டூ எழுதி, தபால் வழியில் பி.காம். முடித்து, வேலைக்குப் போனாள். இரத்தம் உறையாமலிருக்க தினமும் அசிட்ரோம் மாத்திரை, அடிக்கடி இரத்தப் பரிசோதனை, கீரை திடீரென்று அதிகம் சாப்பிடக் கூடாது என்ற கணக்கு. கல்யாணம் வேண்டாம் என்றது அவள் முடிவு. அதைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. நான் டீச்சரானேன்.

பதினைந்து வயதில் எனக்கு டைபாய்டு வந்தது. அதே மாதிரி ஒரு கிளினிக், அதே மாதிரிப் பாதித் திரை. இடுப்பில் ஊசி. பெஞ்சில் ஆம்பிளைகள். நான் என் கால்விரலைப் பார்த்தேன். பத்தும் சுருண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது, அக்கா ஓடியது வலிக்குப் பயந்து அல்ல. வெட்கம். உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும் தன்னைப் பெற்றவளிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாத வெட்கம். வீட்டிலேயே நான்தான் கூச்சக்காரி என்று நினைத்திருந்தேன். என்னைவிடப் பெரிய கூச்சக்காரி பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பேசச் சொல்லித் தந்துகொண்டிருந்திருக்கிறாள். அந்தத் திரையின் வளையத்தை ஒருவர் சரிசெய்திருந்தால் போதும் என்று நினைக்கும்போது இன்றும் கோபம் வருகிறது. இப்போது எங்கள் பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது அறையின் கதவிலும் ஜன்னலிலும் முதலில் துணி கட்டுவது நான்தான். ஒரு பழைய பெட்ஷீட்டும் கொஞ்சம் கயிறும் என் அலமாரியில் எப்போதும் இருக்கும்.

ஊசி தவறியதால்தான் வால்வு போனதா? முன்பே அது போகிற நிலையில்தான் இருந்தது, என்றைக்கானாலும் மாற்ற வேண்டியதுதான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்தக் காய்ச்சலும் இழந்த ஒரு வருடமும் வந்திருக்க வேண்டியதில்லை. அந்த அட்டையை நான் எழுதியிருக்கக் கூடாது.

அன்று போனில் இதைச் சொல்லிவிட்டேன். வலியத்தானைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது தானாக வந்துவிட்டது. "அக்கா, அந்த அட்டை. டாக்டர் கேட்டப்ப நான் சொல்லிருக்கணும். உன்ன மட்டும் காட்டிக் கொடுத்துட்டு, நான் எழுதினத மறைச்சிட்டேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இரி" என்றாள். போனில் படம் ஒன்று வந்தது. பழுப்பேறிய அட்டை, மடித்த இடத்தில் கிழிந்து ஒட்டியது. என் ஒன்பது வயதுக் கையெழுத்து. இரண்டாவது தேதியைச் சுற்றி, மங்கிப்போன பென்சிலில் ஒரு வட்டம்.

31.11.91.

"நவம்பருக்கு ஏதுட்டி முப்பத்தொண்ணு?" என்றாள் அக்கா. "உங்களையெல்லாம் வெளிய அனுப்பிட்டு அவரு இந்த வட்டத்தப் போட்டாரு. ஆரு எழுதினதுன்னு கேக்கல. திட்டவும் இல்ல. ஊசி போடுக எடத்துல உனக்கு என்ன கஷ்டம் மோளேன்னுதான் கேட்டாரு. நான் அழுதேன். எல்லாம் சொன்னேன். அந்த சிஸ்டர வீட்டுக்கு வரச் சொல்லி ஏற்பாடு பண்ணினது அவருதான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. பழைய மாதிரியே தொண்டை அடைத்துக்கொண்டது.

"உன்மேல கோவம் இருந்துது, இல்லங்கல. படிப்பு போச்சுல்லா. கோவம் தீந்த பொறவு சொல்லிரலாம்னு நெனச்சேன். சொன்னா, நீ தப்பா எழுதினதாலதான் எல்லாம் தெரிஞ்சுதுன்னு பயந்து பழையபடி வாய மூடிக்கிடுவியோன்னு தோணிச்சு. அதான் முட்டி எண்ண மட்டும் சொல்லித் தந்தேன்."

பெல் அடித்தது. பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள். நான் வராந்தாவிலேயே நின்று, போனைக் காதில் வைத்தபடி இடது கையை மடக்கினேன். ஆகஸ்ட் முட்டி, செப்டம்பர் பள்ளம், அக்டோபர் முட்டி. அடுத்த பள்ளத்தில் விரலை வைத்தேன்.